மூன்று பவுன் தலைவரி
குடியேறியோர் சங்கங்கள் ஒரு சட்டத்தை வீழ்த்திய வரலாறு

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் வாழும் மக்கள் கூடி அமைக்கும் சங்கங்களுக்கு இருவகைக் கடமைகள் உண்டு. ஒன்று, வந்தவர்க்குத் துணை நிற்றல். புதிதாக வந்திறங்கியவர்க்குத் தங்க இடம் காட்டுதல், நோயுற்றவரை மருத்துவமனையில் சேர்த்தல், வழக்கில் சிக்கியவர்க்கு மொழிபெயர்த்து உதவுதல், இறந்தவர்க்கு ஈமக்கடன் ஆற்றுதல் ஆகியன இதன்பாற்படும். மற்றொன்று, அம்மக்களை அல்லலுறச் செய்யும் சட்டத்தையும் ஆணையையும் மாற்றுமாறு ஆள்வோரிடம் எடுத்துரைத்தல். முதற் கடமையை நம் சங்கங்கள் பலவும் செவ்வனே செய்து வருகின்றன. இரண்டாவதைச் செய்யப் பெரும்பாலும் தயங்குகின்றன. விழா நடத்துவதும் நூலகம் பேணுவதும் போதும், சட்டமும் அரசும் நமக்கேன் என்று ஒதுங்கிவிடுகிறோம்.

இவ்விரு கடமைகளும் வெவ்வேறானவை அல்ல என்பதும், முதலாவதைக் கருத்தோடு செய்பவர் இரண்டாவதற்கு வந்தே தீருவர் என்பதும் வரலாறு காட்டும் உண்மைகள். இதற்குத் தக்க சான்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில் நம்மவர் செலுத்திய மூன்று பவுன் தலைவரியின் கதை. 1895-இல் பிறந்த அந்த வரி 1914-இல் மடிந்தது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் அதனை எதிர்த்து உழைத்த சங்கங்கள் எவை, அவை எவ்வழிகளைக் கையாண்டன, எங்கே தவறின, எங்கே வென்றன என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர்கள்

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பெற்றது. அடிமைகளை இழந்த தோட்ட முதலாளிகளின் கண்கள் இந்தியாவின் மீது விழுந்தன. 1834 முதல் மொரீசியசுத் தீவிற்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். நேட்டாலின் முறை 1860-இல் வந்தது. சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இம்முறையில் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறையிலிருந்து கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஆண்டிற்கு ஒரு ஷில்லிங் வீதம் அது உயரும். உணவுப்படியும் தங்கும் கொட்டடியும் உண்டு. கூலி மிகக் குறைவே. அதனினும் கொடியது ஒப்பந்தத்தின் தன்மை. நம் அலுவலகங்களில் பணியாளர் ஒருவர் சொல்லாமல் வேலையை விட்டு நின்றால் துறை நடவடிக்கை வரும், சம்பளம் நிற்கும், பணியும் போகலாம். நேட்டாலின் ஒப்பந்தக் கூலி தன் முதலாளியை விட்டு அகன்றாலோ அது குற்றமாகும், சிறைதான் கிடைக்கும். 'அக்ரிமெண்டு' என்னும் சொல் வடபுலத்தார் வாயில் 'கிர்மிட்' என்று திரிந்தது. அதற்கு உட்பட்டவர்கள் 'கிர்மிட்டியர்' எனப்பட்டனர்.

தொடக்கத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. 1866-இல் நின்றுபோன ஆள்சேர்ப்பை மீண்டும் தொடங்க நேட்டால் விரும்பியது. ஆனால் 1871-இல் ஊர் திரும்பிய கூலிகள், தாம் பட்ட அடியையும் தமக்குத் தரப்படாத கூலியையும் சென்னையில் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். அம்முறையீடு எழுத்தில் பதிவாயிற்று. அதன் விளைவாக நேட்டால் அரசு 1872-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைக்க நேர்ந்தது. குடியேறியோர் காப்பாளர் என்னும் பதவியும் ஏற்பட்டது. அதன் பின்னரே, 1874-இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. எழுத்தறியாத ஏழைகளின் வாய்மொழியும் ஏட்டில் ஏறினால் அரசை அசைக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஒரு சங்கத்தின் தோற்றம்

ஒப்பந்தக் கூலிகளைப் பின்தொடர்ந்து குசராத்தி வணிகர்கள் தம் சொந்தச் செலவில் நேட்டாலுக்கு வந்தனர். அவர்களுள் ஒரு நிறுவனத்தின் வழக்கிற்காக 1893-இல் வந்தவரே இளம் வழக்கறிஞரான மோகன்தாசு கரம்சந்து காந்தி. வழக்கு முடிந்து ஊர் திரும்பவிருந்த வேளையில், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டமன்றத்தில் வந்திருப்பதை அவர் அறிந்தார். பயணம் நின்றது. ஒரு திங்களுக்குள் பதினாயிரம் பேரின் கையொப்பத்தோடு குடியேற்ற நாட்டு அமைச்சர் ரிப்பன் பிரபுவிற்கு விண்ணப்பம் சென்றது. அம்மசோதாவிற்கு இலண்டன் ஒப்புதல் தரவில்லை. எனினும் 1896-இல் இந்தியர் என்ற பெயரைக் குறிப்பிடாமலே அதே விளைவைத் தரும் வேறொரு சட்டம் நிறைவேறிவிட்டது.

வாக்குரிமைப் போரில் இறுதி வெற்றி கிட்டாவிடினும், 1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியர் காங்கிரசு பிறந்தது. காந்தியடிகள் அதன் செயலாளர் ஆனார். சந்தா மாதம் ஐந்து ஷில்லிங்கிற்குக் குறையக்கூடாது என்பது விதி. மாதந்தோறும் தண்டுவது கடினமாயிருந்தமையின் ஆண்டிற்கு மூன்று பவுன் என்று அது மாற்றப்பெற்றது. பணம் தண்டுவதில் அவர்கள் காட்டிய உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டொங்காட் என்னும் ஊரில் செல்வர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றனர். ஆறு பவுன் தருவார் என எதிர்பார்த்த இடத்தில் அவர் மூன்று பவுனுக்கு மேல் தர மறுத்தார். உணவு ஆயத்தமாக இருந்தும் குழுவினர் உண்ணவில்லை. இரவு முழுதும் பசியோடு அங்கேயே தங்கினர். விடியும் வேளையில் அவர் மனம் இளகி ஆறு பவுன் அளித்தார், விருந்தும் படைத்தார்.

வந்த காசு ஒவ்வொன்றிற்கும் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. கணக்குச் சரியாக இல்லாத பொதுத்தொண்டு தூய்மையை இழந்துவிடும் என்பது காந்தியடிகளின் கருத்து. சங்கங்களில் பொருளாளர் பொறுப்பை ஏற்றோர் இதன் அருமையை நன்கறிவர். ஆள்வோரை எதிர்த்துப் பேசும் அமைப்பின் மீது முதலில் வீசப்படும் கல், அதன் கணக்கைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆயினும் அச்சங்கத்திற்கு ஒரு குறை இருந்தது. ஆண்டிற்கு மூன்று பவுன் சந்தா கட்டக்கூடியவர்கள் யாவர்? வணிகர்களும் எழுத்தர்களும் ஓரளவு வசதி படைத்தோருமே. மாதம் பத்து ஷில்லிங் கூலி பெற்ற கரும்புத் தோட்டத்துத் தமிழனுக்கு அதன் கதவு திறக்கவில்லை. நேட்டால் இந்தியர் அனைவரின் பெயராலும் பேசிய சங்கத்தில், அவ்விந்தியருள் பெரும்பான்மையினர் உறுப்பினராக இல்லை.

பாலசுந்தரம் வந்த நாள்

காங்கிரசு தோன்றிய சிறிது காலத்திற்குள் பாலசுந்தரம் என்னும் தமிழர் காந்தியடிகளின் அலுவலகத்திற்கு வந்தார். உடை கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயினின்று குருதி வழிந்தது. தலைத்துணியைக் கையில் பிடித்தவாறு நடுங்கி அழுது நின்றார். டர்பனில் பெயர்பெற்ற வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்த அவரை அம்முதலாளி அடித்திருந்தார். அலுவலகத்தில் பணிபுரிந்த தமிழ் எழுத்தர் ஒருவரே அவர் கூறியதைக் காந்தியடிகளுக்கு மொழிபெயர்த்தார். அந்த எழுத்தர் அங்கு இல்லாதிருந்தால் இவ்வரலாறு எப்படிச் சென்றிருக்குமோ! மொழிபெயர்த்து உதவுதல் என்னும் எளிய தொண்டின் பெருமை இத்தகையது.

அதன்பின் நடந்தவை முறைப்படி நடந்தன. முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்றிதழ் பெறப்பட்டது. அடுத்து நீதிபதியிடம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. காந்தியடிகள் முதலாளியைத் தண்டிக்க விரும்பவில்லை. பாலசுந்தரத்தை அவரிடமிருந்து மீட்கவே விரும்பினார். வேலையை விட்டு வெளியேறினால் சிறை என்பதால் அதற்கு இரண்டு வழிகளே இருந்தன. குடியேறியோர் காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்க வேண்டும், அல்லது வேறொருவர்க்கு மாற்ற வேண்டும். இன்றேல் முதலாளியே விடுவிக்க வேண்டும். முடிவில் ஒப்பந்தம் வேறொரு வெள்ளையரின் பெயருக்கு மாற்றப்பெற்றது. பாலசுந்தரம் விடுதலை பெறவில்லை. அடிக்காத முதலாளியைப் பெற்றார். சட்டம் அன்று அளிக்கக்கூடிய உதவி அவ்வளவே.

தனி ஒருவர்க்குச் செய்யும் உதவியின் எல்லை எது என்பதை இங்கே காண்கிறோம். அடிபட்ட ஒவ்வொருவரையும் மருத்துவரிடமும் நீதிபதியிடமும் அழைத்துச் செல்லலாம். ஒப்பந்தமுறை இருக்கும் வரை அடுத்த பாலசுந்தரம் வந்துகொண்டேயிருப்பார். ஆயினும் அவ்வுதவி வீண்போகவில்லை. செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. கடல் கடந்து சென்னைக்கும் எட்டியது. தமக்காகப் பேச ஒருவர் உளர் என்று தொழிலாளர் அறிந்தனர். தொழிலாளரின் துயர் எத்தகையது என்று சங்கம் அறிந்தது.

வரியின் கணக்கு

ஒப்பந்தம் முடிந்த இந்தியர் பலர் நேட்டாலிலேயே தங்கினர். காய்கறி பயிரிட்டனர், சிறு கடை வைத்தனர், நிலம் வாங்கினர். உழைப்பாளராக வந்தவர் போட்டியாளராக மாறுவதை வெள்ளையர் விரும்பவில்லை. ஆகவே ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும்; இரண்டுமின்றித் தங்குபவர் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு தீர்மானித்தது. முதலில் அது கேட்ட தொகை 25 பவுன். வைசிராய் எல்ஜின் பிரபு அதனை ஏற்கவில்லை. 3 பவுனுக்கு இசைந்தார். 1895-ஆம் ஆண்டின் 17-ஆவது சட்டமாக அது வெளிவந்தது.

இருபத்தைந்து மூன்றாகக் குறைந்தது காங்கிரசின் கிளர்ச்சியால் விளைந்த பயனாக இருக்கலாம் என்று காந்தியடிகள் கருதினார். ஆயினும் ஒரு பவுனும் கூடாது என்பதே சங்கத்தின் நிலை. மூன்று பவுன் என்பது சிறு தொகை போலத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். முதலாண்டுக் கூலியாகிய பத்து ஷில்லிங் ஆண்டிற்கு 120 ஷில்லிங், அதாவது 6 பவுன் ஆகும். அந்த வீதத்தில் வரி ஆறு மாதக் கூலியை விழுங்கும். 1903-இல் வரி பிள்ளைகளுக்கும் விரிக்கப்பட்டது. பதினாறு வயது நிரம்பிய ஆண்மகனும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்மகளும் கட்ட வேண்டும். கணவன், மனைவி, மகன், மகள் என்னும் நால்வர் குடும்பத்திற்கு ஆண்டு வரி 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். குடும்பத் தலைவனின் வருவாய் மாதம் 14 ஷில்லிங் என்று கொண்டாலும் ஆண்டிற்கு 168 ஷில்லிங்தான். வருவாய் முழுவதையும் வைத்தாலும் வரிக்கு 72 ஷில்லிங் குறைகிறது.

கருவூலத்தை நிரப்புவது இவ்வரியின் முதல் நோக்கமன்று. வரி கட்ட இயலாதவன் மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அன்றேல் கப்பலேற வேண்டும் என்பதே நோக்கம். சட்டத்தின் சொற்களில் வரி என்று இருந்தது, தோட்டத்தில் விலங்காக மாறியது.

விண்ணப்பத்திலிருந்து பொதுமேடைக்கு

விண்ணப்பம் எழுதுவதால் மட்டும் பயனில்லை. அதனைப் படிப்பவரை நெருக்கும் பொதுக்கருத்தும் வேண்டும் என்பதைக் காங்கிரசு விரைவில் உணர்ந்தது. 1896-இல் இந்தியா வந்த காந்தியடிகள், தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை விளக்கி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அட்டையின் நிறத்தால் அது பச்சைப் பிரசுரம் எனப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 26-இல் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேசினார். பாலசுந்தரத்தின் செய்தி முன்பே எட்டியிருந்தமையால் சென்னை மக்கள் பேரார்வம் காட்டினர். 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' ஏட்டின் ஆசிரியர் ஜி. பரமேசுவரன் பிள்ளை பெருந்துணை புரிந்தார்.

1903 ஜூன் திங்களில் 'இந்தியன் ஒப்பினியன்' இதழ் டர்பனில் தொடங்கியது. தொடக்கத்தில் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் என்னும் நான்கு மொழிகளில் அது வந்தது. 1906-இல் இலண்டனில் தென்னாப்பிரிக்கப் பிரிட்டிஷ் இந்தியர் குழு அமைந்தது. சென்னையின் ஆளுநராக இருந்து ஓய்வுபெற்ற ஆம்ப்தில் பிரபு அதன் தலைவரானார். ஆள்வோரின் அரங்கிற்குள்ளேயே நமக்காகப் பேசும் ஒரு குரல் இவ்வாறு கிடைத்தது.

டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர் கைரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1907 முதல் அறப்போர் நடந்தது. அதில் முன்னின்ற தம்பி நாயுடு மொரீசியசில் பிறந்தவர். ஜோகானஸ்பர்க் தமிழர் நலச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். நலச் சங்கம் என்பது நம் சங்கங்களைப் போன்றதே. உறுப்பினரின் நன்மை தீமைகளில் பங்குகொள்வதற்காகத் தோன்றிய அது, உறுப்பினரே சிறை செல்லும் நிலை வந்தபோது அவர்களுக்குப் பின்னால் நின்றது. அப்போரில் சிறைப்பட்டு வெளிவந்த சாமி நாகப்பன் 1909 ஜூலை 6-இல் உயிர்நீத்தார்.

போராளிகள் பலரை டிரான்ஸ்வால் அரசு நாடுகடத்திச் சென்னைக்கு அனுப்பியது. அவர்களுள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து இந்தியாவைக் கண்டறியாதவரும் இருந்தனர். ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று அரசு எழுதியது. அவர்களுக்கோ சென்னை அயலூர். கையில் காசின்றி வந்திறங்கிய அவர்களுக்கு உண்டியும் உறையுளும் அளித்தவர் 'இந்தியன் ரிவியூ' ஆசிரியர் ஜி.ஏ. நடேசன். சென்னையில் அமைந்த இந்தியத் தென்னாப்பிரிக்கச் சங்கத்தின் செயலாளர்களுள் அவரும் ஒருவர். காந்தியடிகளின் தோழர் ஹென்றி போலக் 1909-இல் இந்தியா வந்து ஊர் ஊராகப் பேசியபோது அவருக்குச் சென்னையில் துணைநின்றவரும் அவரே. பகலில் வந்தோர்க்குச் சோறிட்டு, அவர்தம் வாய்மொழியையே இரவில் அச்சேற்றிய அப்பெரியாரின் தொண்டு, நாம் முதலில் கூறிய இரு கடமைகளும் ஒன்றே என்பதற்கு இலக்கணமாக அமைந்தது. நாடுகடத்தப்பட்டோர் சிலர் போலக்குடன் மீண்டும் கப்பலேறினர். கரையிறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி என்பவர் 1910 அக்டோபரில் டெலகோவா வளைகுடாவில் இறந்தார்.

மடை எங்கே இருந்தது?

நேட்டால் சட்டமன்றத்தில் இந்தியர்க்கு வாக்கில்லை. அங்கே வெள்ளையரின் மனத்தை மாற்றுவது எளிதன்று. இலண்டன் அமைச்சரோ, தன்னாட்சி பெற்ற குடியேற்ற நாட்டை வற்புறுத்தத் தயங்கினார். ஆனால் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் இந்தியக் கூலிகளையே நம்பியிருந்தன. அக்கூலிகள் செல்லும் வழியின் மடை இந்திய அரசின் கையில் இருந்தது. மடையை அடைத்தால் நேட்டாலுக்கு உறைக்கும். இதனைப் போலக்கும் நடேசனும் கோபால கிருஷ்ண கோகலேயும் தெளிவாக உணர்ந்தனர்.

1910 பிப்ரவரி 25-இல் கோகலே கல்கத்தாவில் கூடிய பேரரசுச் சட்டமன்றத்தில், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பதைத் தடுக்க அரசிற்கு அதிகாரம் வேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்கு ஆள்சேர்ப்புத் தடைப்பட்டது. 1860-இல் 'டுரூரோ' திறந்த வழி ஐம்பத்தோராண்டிற்குப் பின் அடைபட்டது. கோகலேயின் பேச்சிற்குப் பின்னால் இருந்தவை நேட்டாலில் சேர்த்த புள்ளிகள், சென்னையில் எழுதிய வாக்குமூலங்கள், போலக் வெளியிட்ட நூல் ஆகியவை. சட்டமன்றத்தில் ஒரு மணி நேரம் பேசுவதற்குச் சங்கங்கள் பதினாறாண்டு கோப்புச் சேர்த்திருந்தன எனலாம்.

தொழிலாளரே எழுந்தபோது

வழி அடைபட்டாலும் முன்பே சென்றிருந்தோரின் வரி நீங்கவில்லை. இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். டிரான்ஸ்வால் போரின் வேகத்தில் நேட்டால் கூலிகளின் மூன்று பவுன் வரி பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. 1908 முதல் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்னும் ஏட்டை நடத்திய பி.எஸ். ஐயர் இதனைக் கடுமையாகச் சுட்டிக் காட்டினார். 1911-இல் இவ்வரியை எதிர்ப்பதற்கென்றே ஒரு கழகத்தையும் அவர் அமைத்தார். தலைவர்களோடு முரண்பட்ட அவரது பெயரை இன்று பலர் அறியார். எனினும் மறக்கப்பட்ட குறையை நினைவூட்டியவருக்கும் வெற்றியில் பங்குண்டு.

1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றார். நவம்பரில் அமைச்சர்களைக் கண்டு பேசி, வரி ஓராண்டிற்குள் நீங்கும் என்ற உறுதி கிடைத்ததாகக் காந்தியடிகளிடம் கூறினார். மறு ஆண்டு, நேட்டால் வெள்ளையர் இசையவில்லை என்று கூறி அரசு கைவிரித்தது. அதே 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்படக் கேப் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் வந்தது. மனைவியர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று.

பெண்கள் எழுந்தனர். டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் நகருக்குச் சென்றனர். தம்பி நாயுடுவும் உடன் சென்றார். சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளில் மூன்று பவுன் வரியின் கதையை அவர்கள் எடுத்துரைத்தனர். தாய்மொழியில் தாய்மார் கூறிய சொல் வேலை செய்தது. 1913 அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெண்கள் மூன்று மாதச் சிறை ஏகினர். நவம்பர் 6-ஆம் நாள் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த படையில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறாரும் இருந்ததாகக் காந்தியடிகள் கணக்குத் தருகிறார். வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சங்கத்தின் சந்தாப் பட்டியலில் இடம்பெறாத மக்களே போரின் முன்னணியில் நின்றனர்.

அதே நவம்பரில் சென்னைக்கு வந்திருந்த வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு, தென்னாப்பிரிக்க அரசின் செயலைப் பலரறியக் கண்டித்துப் பேசினார். பேரரசின் பெரிய அலுவலர் ஒருவர் பேரரசின் மற்றோர் உறுப்பைக் கண்டித்தமை இலண்டனை உலுக்கியது. விசாரணைக் குழு அமைந்தது. அக்குழு வரியை நீக்கப் பரிந்துரைத்தது. 1914-இல் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்கள் ஏற்பளிக்கப்பட்டன.

சிறையில் காய்ச்சலுற்று வெளிவந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை, அதனைக் காணாமலே 1914 பிப்ரவரி 22-இல் மறைந்தாள். அச்சட்டமும் முழு உரிமை தந்துவிடவில்லை. வாக்குரிமை வரவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தடையும் நீங்கவில்லை. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களின் கழுத்தினின்று ஒரு கயிறு அவிழ்ந்தது.

நேட்டாலில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. ஒப்பந்தக்கூலி முறையை எல்லா நாடுகளுக்கும் ஒழிக்குமாறு கோகலே 1912 மார்ச் 4-இல் கொணர்ந்த தீர்மானம் 22-க்கு 33 என்ற வாக்குகளில் தோற்றது. பிஜித் தீவிற்கு ஆண்ட்ரூசும் பியர்சனும் சென்று கண்டு எழுதிய அறிக்கை 1916-இல் வெளிவந்தது. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பாரதியார் பாடினார். 1916-இல் மாளவியா கொணர்ந்த தீர்மானத்தை அரசு ஏற்றது. 1917-இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதல் நின்றது. 1920 ஜனவரி 1-இல் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. உதவி நாடி வருவோரின் செய்தியை எழுதி வைத்தல் முதலாவது. பாலசுந்தரத்தின் மருத்துவச் சான்றும் நாடுகடத்தப்பட்டோரின் வாக்குமூலமும் இல்லையேல் கோகலேயின் கையில் சான்று இருந்திராது. முடிவு செய்யும் அதிகாரம் எங்குள்ளது என்பதை ஆராய்ந்து அங்கே பேசுதல் இரண்டாவது. தவறான மேசைக்குச் செல்லும் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் கோப்பில் உறங்கும் என்பதை அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நாம் அறியாததன்று. யாருக்காகப் பேசுகிறோமோ அவரையே சங்கத்தின் உள்ளே அழைத்தல் மூன்றாவது. மூன்றனுள் அரியதும் இதுவே.

இன்றைய நிலையை எண்ணிப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் வேற்று மாநிலத் தொழிலாளர் சோறின்றி நடந்தனர். உச்சநீதிமன்றம் தானே எடுத்துக்கொண்ட வழக்கில் சமூகத் தொண்டர் சிலர் மனுச் செய்து வாதிட்டனர். ஒரு மாநிலத்துக் குடும்ப அட்டைக்கு மற்றொரு மாநிலத்தில் உணவுப்பொருள் பெறும் திட்டத்தை எல்லா மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டும் என்று 2021 ஜூன் 29-இல் தீர்ப்பு வந்தது. கஞ்சி வார்த்ததோடு நில்லாமல் சட்டத்தின் வாயிலையும் தட்டியமையால் விளைந்த பயன் இது.

2025 ஜூன் 1-இல் தில்லி ஜங்புராவின் மதராசி முகாம், நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 குடிசைகளில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்களே தலைமுறைகளாக வாழ்ந்தன. மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றோர் 189 குடும்பத்தினர் மட்டுமே. இத்தகைய இடங்களில் தகுதி என்பது வாக்காளர் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் பெயர் இருப்பதைப் பொறுத்தது. படிவம் நிரப்பத் தெரிந்தவர்களும் விதிகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் நம் சங்கங்களில் நிரம்ப உளர். அவர்களும் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தமிழரும் ஒரே நகரில் வாழ்ந்தும் பொங்கல் விழாவில்கூடச் சந்திப்பது அரிது. நேட்டால் காங்கிரசின் மூன்று பவுன் சந்தா நம்மிடையிலும் வேறு உருவில் இருக்கிறது என்பதை மறுக்க இயலுமோ?

ஒவ்வொரு சங்கமும் அறப்போர் தொடங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, விதியறிந்த இருவர், வருவோரின் குறையைப் பதிவு செய்ய ஓர் ஏடு, சந்தா வாங்காமல் அவர்களையும் உறுப்பினராக்கும் ஒரு தீர்மானம். இவை போதும். அந்த ஏடு நிரம்பும்போது, எந்த விதி நம் மக்களை வருத்துகிறது, எந்த அலுவலகத்தில் அதனை எடுத்துரைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். தமிழ் வாழ வேண்டும் என்று விழாதோறும் கூறுகிறோம். அம்மொழி பேசும் எளிய மக்கள் குடியிருக்க இடமும் உண்ண உணவும் உரிமையோடு பெற்றாலன்றோ அவர்தம் நாவில் தமிழ் வாழும்!